திருமுழுக்கு ஆயத்தநிலை (கத்தோலிக்கம்)

திருமுழுக்கு ஆயத்தநிலை என்பது கத்தோலிக்க திருச்சபையில் சேர விரும்பும் வயதுவந்த ஒருவர், திருமுழுக்குப் பெறும் முன் ஒரு பங்குச் சமூகத்தோடு பழகிப் பயிற்சி பெறும் காலம் ஆகும். இக்காலத்தில் இருப்பவர்கள் ஆயத்தநிலையினர் எனப்படுகின்றனர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோரின் நம்பிக்கையை முன்னிட்டுத் திருமுழுக்கு வழங்கப்படுகிறது. மறைக்கல்வி பின்னரே தொடங்குகிறது. வயதுவந்தோருக்கு இவ்வரிசை தலைகீழானது. கேட்டலும் பழகுதலும் முதலில். திருமுழுக்கு அவற்றின் பின்னர்.

தற்போதைய முறை 1972 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள் உரோமையில் வெளியிடப்பட்ட, வயதுவந்தோரைக் கிறித்தவ வாழ்வில் புகுத்தும் சடங்குமுறை நூலை அடிப்படையாகக் கொண்டது. புதியவரைச் சேர்ப்பது குருவின் பணி என்றோ மறைக்கல்வி ஆசிரியரின் பணி என்றோ இந்நூல் ஒதுக்கிவிடவில்லை. திருமுழுக்குப் பெற்ற அனைவரின் பொறுப்பு அது என்கிறது. சடங்குகளின் அமைப்பே இக்கொள்கையைச் சுற்றிப் பின்னப்பட்டுள்ளது. நடைமுறையில் இது எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகிறது என்பது பங்குக்குப் பங்கு பெரிதும் வேறுபடுகிறது.

தொடக்க காலம்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறித்தவராவது உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடிய முடிவாக இருந்தது. முன்பின் அறியாத ஒருவரைச் சபைக்குள் விடுவது சபைக்கும் ஆபத்து. எனவே அறிந்த ஒருவர் அழைத்துவந்து பொறுப்பேற்பது வழக்கமாயிற்று. இப்போலித்து என்பவரின் பெயரால் வழங்கும் 'திருத்தூதர் மரபு' என்னும் நூல் (இதன் ஆசிரியர், காலம் ஆகிய இரண்டைப் பற்றியும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு) ஆயத்தநிலைக்கு மூன்று ஆண்டுகளைக் குறிக்கிறது. ஆர்வம் மிக்கவருக்கு இக்காலத்தைக் குறைக்கலாம்; காலத்தை அல்ல, நடத்தையையே பார்க்க வேண்டும் என்கிறது அந்நூல். வாள்வீரர், சிலை செய்வோர் முதலியோர் தம் தொழிலை விட்டால்தான் ஏற்கப்பட்டனர். திருமுழுக்கு நெருங்கும்போது கேட்கப்பட்ட கேள்விகள் கருத்தில் கொள்ளத்தக்கவை. கைம்பெண்களை மதித்தாரா, நோயுற்றோரைச் சென்று கண்டாரா என்பவை அவற்றுள் அடங்கும். பதில் சொல்ல வேண்டியவர் ஆயத்தநிலையினர் அல்லர், அவரை அழைத்துவந்தவர்.

கி.பி. 381-384 ஆண்டுகளில் கீழைநாடுகளில் பயணம் செய்த எகேரியா என்னும் பெண்மணி, எருசலேமில் தாம் கண்டதை விரிவாக எழுதிவைத்துள்ளார். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலத்தின் தொடக்கத்தில் பேராலயத்தின் நடுவில் ஆயருக்கு இருக்கை இடப்படும். ஆண்கள் தம் ஞானத்தந்தையரோடும், பெண்கள் தம் ஞானத்தாயரோடும் ஒவ்வொருவராக முன்வருவர். ஆயர் அவர்களுடைய அயலாரிடம் விசாரிப்பார். நல்வாழ்க்கை வாழ்கிறாரா, பெற்றோரை மதிக்கிறாரா, குடிப்பழக்கம் உள்ளவரா, வீண்பெருமை பேசுபவரா என்றெல்லாம் கேட்டு, குறையில்லை எனக் கண்டால் தம் கையாலேயே பெயரைப் பதிவார். குறை இருந்தால் திருந்திவருமாறு அனுப்பிவிடுவார். தம்மை அறிந்த சாட்சிகள் இல்லாத வெளியூரார் திருமுழுக்கு வரை செல்வது அத்தனை எளிதன்று என்றும் எகேரியா குறிப்பிடுகிறார். அயலார் எவரும் அறியாத ஒருவரைப் பற்றிச் சாட்சி சொல்ல எவரும் இல்லை என்பதே இதன் காரணம்.

இதே காலத்தில்தான் இம்முறை தளரவும் தொடங்கியது. 313 இல் கிறித்தவம் சட்ட ஏற்புப் பெற்று, 380 இல் உரோமைப் பேரரசின் சமயம் ஆன பின்னர் பெருங்கூட்டம் உள்ளே வந்தது. ஆயத்தநிலையினராகப் பெயர் பதிந்துவிட்டுத் திருமுழுக்கைப் பல்லாண்டுகள் தள்ளிப்போடுவது பரவலான வழக்கம் ஆயிற்று. அம்புரோசு 374 இல் மிலான் நகரின் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது இன்னும் திருமுழுக்குப் பெறாதவராகவே இருந்தார். சில நாள்களுக்குள் திருமுழுக்கும் ஆயர் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன. குழந்தைப் பருவத்திலேயே ஆயத்தநிலையில் சேர்க்கப்பட்ட அகுஸ்தீன், 387 இல் உயிர்ப்புப் பெருவிழாவின்போது அம்புரோசுவின் கையால் திருமுழுக்குப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 32.

அகுஸ்தீன் பின்னர் ஏறத்தாழ 400 ஆம் ஆண்டில், கற்பித்துச் சலிப்படைந்திருந்த கார்த்தேசு நகரத் திருத்தொண்டர் ஒருவருக்காக ஒரு சிறுநூல் எழுதினார். புதிதாக வருபவர் எதனால் வந்தார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும், கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரே முறையில் சொல்லக்கூடாது, கேட்பவர் களைத்திருந்தால் அமரச்செய்ய வேண்டும் என்பன அதில் உள்ள அறிவுரைகள். மக்கள் நின்றுகொண்டே கேட்ட அக்காலத்தில் இந்தக் கடைசி அறிவுரை சிறியதன்று.

மறைவும் மீட்சியும்

குழந்தைத் திருமுழுக்கு பொது வழக்கமான பின்னர் ஐரோப்பாவில் ஆயத்தநிலை ஏறத்தாழ மறைந்துபோனது. தனித்தனிப் படிகளாக இருந்த சடங்குகள் சுருங்கி ஒரே சடங்காயின. பிற்கால மறைப்பணித் தளங்களில், திருமுழுக்கு முதலில் நிகழ்ந்து கல்வி பின்தங்கிய நிலையும் ஏற்பட்டது.

தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரை இதற்கு எடுத்துக்காட்டாகும். அங்குப் பரதவர் 1530களில் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். 1542 இல் பிரான்சிசு சவேரியார் வந்து சேர்ந்தபோது அவர்களுக்குக் கற்பிப்பார் இல்லை. அவர் உள்ளூர் மக்களின் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, ஊர் ஊராகச் சென்று மனப்பாடம் செய்வித்தார். தாம் இல்லாத நாள்களில் கற்பிக்கவும் செபம் நடத்தவும் ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். பிற்காலத்து உபதேசியார், வேதியர் ஆகியோரின் முன்னோடிகள் இவர்களே. இங்குச் சமூகமாகவே மதம் மாறியதால் தனி மனிதரைச் சோதித்தறியும் கேள்வி பெரிதாக எழவில்லை. இதற்கு மாறாக, திருவிதாங்கூர் அரசு அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை தனி மனிதராக இம்முடிவை எடுத்தவர். டச்சுப் படைத்தலைவர் தெ லனோய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்த அவர், 1745 இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 இல் கொல்லப்பட்ட அவருக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

நீண்ட ஆயத்தநிலையை மீண்டும் உறுதியாக நிலைநாட்டியவர் கர்தினால் இலவிசெரி. 1868 இல் அவர் நிறுவிய 'வெள்ளைத் தந்தையர்' என்னும் மறைப்பணிச் சபையினர் ஆப்பிரிக்காவில் நான்கு ஆண்டுப் பயிற்சியை வலியுறுத்தினர். இதன் விளைவு ஒன்று உகாண்டாவில் வெளிப்பட்டது. புகாண்டா அரசர் இரண்டாம் முவாங்காவின் அரண்மனைப் பணியாளர் பலர் ஆயத்தநிலையில் இருந்தபோதே 1886 மே மாதத்தில் அவர்களுக்கு மரண தண்டனை நெருங்கியது. குரு எவரும் அருகில் இல்லை. அப்பணியாளர்களின் தலைவரும், ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தவருமான சார்லசு லுவாங்கா, இன்னும் திருமுழுக்குப் பெறாதோருக்குத் தாமே அதை வழங்கினார். அவர்களுள் இளையவரான கிசித்தோவும் ஒருவர். அவ்வாண்டு சூன் 3 அன்று நமுகோங்கோவில் அவர்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். உயிராபத்தில் எவரும் திருமுழுக்கு வழங்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போருக்குப் பின், திருமுழுக்குப் பெறாத வயதுவந்தோர் எண்ணிக்கை பெருகிய பிரான்சில் ஆயத்தநிலை புத்துயிர் பெற்றது. 1962 ஏப்ரல் 16 அன்று உரோமை, வயதுவந்தோர் திருமுழுக்கை ஏழு படிகளாகப் பிரித்து நடத்த இசைவளித்தது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தன் ஏட்டில் ஆயத்தநிலையை மீட்டெடுக்குமாறு பணித்தது. மறைப்பணி பற்றிய 1965 ஆம் ஆண்டு ஏடு ஒரு படி மேலே சென்றது. ஆயத்தநிலை என்பது கோட்பாடுகளை விளக்குவது மட்டுமன்று, கிறித்தவ வாழ்க்கை முழுவதிலும் பழகுவது என்றும், அது நம்பிக்கையாளர் சமூகம் முழுவதன் பணி என்றும் அது கூறியது. 1972 ஆம் ஆண்டுச் சடங்குநூல் இதன் விளைவாகும்.

படிநிலைகளும் பங்கு மக்களின் பணியும்

முதலாவது தேடல் காலம். இதற்குக் கால வரையறை இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. வருபவர் கேள்விகளோடு வருகிறார். திருமணத்தின் பொருட்டு வருபவரும் உண்டு, துயரத்தில் வருபவரும் உண்டு, நூல்களைப் படித்து வருபவரும் உண்டு. சடங்குநூல் இக்கட்டத்தில் பங்கு மக்களிடம் எதிர்பார்ப்பது விருந்தோம்பலை. வீட்டுக்கு அழைத்தல், உரையாடுதல், பங்கின் கூட்டங்களில் சேர்த்துக்கொள்ளுதல் ஆகியவை பாடத்துக்கு முன்னரே வருகின்றன.

அடுத்தது ஏற்புச் சடங்கு. இது கோயிலின் வாயிலருகே தொடங்குகிறது. உள்ளே அமர்ந்திருப்போர் எழுந்து வாயிலுக்கு வந்து வரவேற்பதும் உண்டு. வருபவரின் பெயர் கேட்கப்படுகிறது. அவருடைய நெற்றியிலும், பின்னர் காது, கண், உதடு, மார்பு, தோள்களிலும் சிலுவை அடையாளம் வரையப்படுகிறது. இவருக்கு உதவ ஆயத்தமா என்று அவருடன் வந்தவரிடமும் கூடியிருப்போரிடமும் கேட்கப்படும். அவர்கள் ஆம் என்று பதில் அளிக்க வேண்டும். இச்சடங்குக்குப் பின் ஆயத்தநிலையினர் திருச்சபையின் குடும்பத்தைச் சேர்ந்தவராகவே கருதப்படுகிறார். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி (206 ஆம் பிரிவு) அவர் தனி உறவால் திருச்சபையுடன் இணைந்துள்ளார். திருமுழுக்குக்கு முன் இறக்க நேர்ந்தால் அவருக்குத் திருச்சபையின் அடக்கச் சடங்கு உண்டு (1183 ஆம் பிரிவு).

இதன்பின் வருவதே குறுகிய பொருளில் ஆயத்தநிலை எனப்படும் நீண்ட காலம். மறைநூல் வாசகங்கள், செபம், பிறருக்கு உதவும் பணிகள், திருவழிபாட்டு ஆண்டின் விழாக்கள் ஆகியவை இக்காலத்தின் பாடங்கள். ஞாயிறு திருப்பலியில் மறையுரை முடிந்ததும் ஆயத்தநிலையினர் அன்புடன் வெளியே அனுப்பப்பட்டு, ஆசிரியர் ஒருவருடன் தனி அறையில் அன்றைய வாசகங்களைப் பற்றி உரையாடுவர். விருந்தினரை நடுவில் எழுப்பி அனுப்புவதைப் போல் உள்ளது என்று பங்கு மக்கள் சிலர் இதை விரும்புவதில்லை. நற்கருணை விருந்தில் இன்னும் பங்குபெற இயலாதவரை அதன் முன் வெறுமனே உட்காரவைப்பதைவிட, அவருக்கு உரிய உணவான இறைவார்த்தையை அளிப்பதே நல்லது என்பது ஆதரிப்போரின் வாதம். தக்க காரணம் இருந்தால் அவர்கள் உள்ளேயே இருக்கவும் சடங்குநூல் இடம் தருகிறது.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, வழக்கமாக மறைமாவட்டப் பேராலயத்தில் ஆயரின் முன்னிலையில், தேர்ந்துகொள்ளும் சடங்கு நடைபெறுகிறது. ஞானப்பெற்றோர் சாட்சி சொல்ல, பெயர்கள் ஏட்டில் பதியப்படுகின்றன. எகேரியா கண்ட எருசலேம் காட்சியின் மறுவடிவம் இது. இந்நாளின் பொருட்டுச் சமூகம் ஆயத்தநிலையினரைப் பற்றி நேர்மையாகவும் எண்ணிப் பார்த்தும் சாட்சியம் அளிக்க வேண்டும் என்கிறது சடங்குநூல். பல இடங்களில் இது வெறும் மரபுரையாகச் சுருங்கிவிட்டது. அவரை அறியாதோர் சாட்சி சொல்ல முடியாது. எனவே முந்தைய மாதங்களில் பங்கு மக்கள் அவரோடு பழகினார்களா என்பது இந்த ஒரு நாளில் வெளிப்பட்டுவிடுகிறது.

தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள் நிகழ்கின்றன. பெயரைக் கண்டு இவற்றைத் தேர்வு எனக் கருதிவிடக்கூடாது. தீமையிலிருந்து விடுவிக்க வேண்டும் மன்றாட்டுகளே இவை. யோவான் நற்செய்தியிலிருந்து சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் ஆகிய மூன்று நிகழ்வுகள் முறையே வாசிக்கப்படுகின்றன. ஞானப்பெற்றோர் தம் வலக்கையை அவர்களின் தோள்மீது வைத்து நிற்க, சபை முழுவதும் செபிக்கிறது. இக்காலத்தில் நம்பிக்கை அறிக்கையும் இயேசு கற்பித்த செபமும் முறைப்படி அவர்களுக்குக் கையளிக்கப்படுகின்றன.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவில், பாஸ்கா திருவிழிப்பின்போது, திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை ஆகிய மூன்று அருட்சாதனங்களும் ஒரே வழிபாட்டில் வழங்கப்படுகின்றன. வயதுவந்தோருக்குத் திருமுழுக்கு வழங்கும் குருவே உறுதிப்பூசுதலையும் வழங்கச் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. அதே வழிபாட்டில் பங்கு மக்களும் எரியும் திரிகளைக் கையில் ஏந்தித் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றனர்.

வழித்துணைவரும் ஞானப்பெற்றோரும்

ஏற்புச் சடங்கு முதல் உடன்வருபவர் வழித்துணைவர். தேர்ந்துகொள்ளும் நாள் முதல் பொறுப்பேற்பவர் ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை. இருவரும் ஒருவராகவே இருக்கலாம். ஞானப்பெற்றோர் 16 வயது நிறைந்தவராகவும், உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராகவும் இருத்தல் வேண்டும். திருமுழுக்குப் பெறுபவரின் சொந்தத் தாய் தந்தையர் அப்பொறுப்பை ஏற்க இயலாது (874 ஆம் பிரிவு). ஒருவர் போதும், இருவரானால் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருக்க வேண்டும்.

பாடம் நடத்துவது இவர்களுடைய வேலை அன்று. எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழந்தாளிடுவது, காணிக்கைத் தட்டு வரும்போது என்ன செய்வது போன்ற சிறிய ஐயங்களை வெட்கமின்றிக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். வீட்டில் எதிர்ப்பு எழும்போதும், பழைய நண்பர்கள் விலகும்போதும், முடிவு சரிதானா என்ற ஐயம் தோன்றும்போதும் அழைக்க ஒரு மனிதர் வேண்டும். கடைசி நேரத்தில் பெயருக்காகச் சேர்க்கப்படும் வழித்துணைவரால் இது இயலாது. புதியவருக்குப் பங்கில் அறிமுகமே இல்லாத நிலையில் பங்கு ஒருவரைத் தருகிறது. அது நல்ல தேர்வாக அமைவது பெரும்பாலும் பங்குத்தந்தை தம் மக்களை எவ்வளவு அறிந்துள்ளார் என்பதைப் பொறுத்தது.

சிக்கல்கள்

பிற கிறித்தவ சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஆயத்தநிலையினர் அல்லர். அவர்கள் ஏற்கனவே கிறித்தவர். மறுமுறை திருமுழுக்கு வழங்கப்படுவதில்லை. நம்பிக்கையை அறிக்கையிட்டு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்று முழு உறவில் ஏற்கப்படுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரு பிரிவினரையும் ஒரே குழுவில் வைத்துப் பயிற்றுவிப்பது பரவலாக இருப்பதால், பல ஆண்டுகள் கிறித்தவராக வாழ்ந்தவர் தம் வாழ்வு கணக்கில் கொள்ளப்படவில்லை என்று வருந்த நேர்கிறது.

இன்னொரு சிக்கல் திருமணம் தொடர்பானது. முன்னர் மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர் திருமுழுக்கு வேண்டி வரும்போது, முதல் திருமணத்தைத் திருச்சபை நீதிமன்றம் ஆராய வேண்டியிருக்கிறது. கத்தோலிக்கர் அல்லாதோரின் திருமணமும் செல்லுபடியாகும் என்றே திருச்சபைச் சட்டம் முதலில் கொள்வதே இதற்குக் காரணம். விசாரணை முடியும் வரை, தம்மோடு தொடங்கியவர்கள் திருமுழுக்குப் பெறுவதை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருக்க நேரலாம். ஆயத்தநிலையை விட்டு ஒருவர் விலக மிக எளிதான கட்டம் இது. சட்டத்தை மாற்றப் பங்கு மக்களால் இயலாது. அவர் தனியே காத்திருக்கிறாரா, துணையோடு காத்திருக்கிறாரா என்பது மட்டுமே அவர்கள் கையில் உள்ளது.

மூன்றாவது, ஆயத்தநிலை ஒரு வகுப்பாகச் சுருங்கிவிடுவது. செப்டம்பரில் பாடம் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவில் முடித்துக்கொள்ளும் பள்ளியாண்டு முறை பல நாட்டுப் பங்குகளில் காணப்படுகிறது. ஐக்கிய அமெரிக்க ஆயர்கள் 1988 செப்டம்பர் 1 முதல் இச்சடங்குமுறையைக் கட்டாயமாக்கியபோது, ஆயத்தநிலை ஓராண்டுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும் என்று விதித்தனர். விதி இருந்தும் பள்ளியாண்டு வழக்கம் எளிதில் மறையவில்லை. திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு அந்நாட்டில் 2025 மார்ச் 5, திருநீற்றுப் புதன் முதல் கட்டாயமானது.

பிரான்சில் சிக்கல் வேறுவிதமாக உள்ளது. அங்கு உயிர்ப்புப் பெருவிழாவில் திருமுழுக்குப் பெற்ற வயதுவந்தோர் எண்ணிக்கை 2024 இல் 7,135 ஆகவும் 2025 இல் 10,384 ஆகவும் இருந்தது என்று அந்நாட்டு ஆயர் பேரவை அறிவித்தது. இவர்களுள் பெரும்பங்கினர் இளையோர். வருவோர் பெருகும் வேகத்தில் வழித்துணைவரும் ஆசிரியரும் பெருகுவதில்லை. முதியோரே மிகுதியாக உள்ள சிற்றூர்ப் பங்கு ஒன்றில் இருபது வயதினர் சிலர் ஒரே ஆண்டில் வந்து நின்றால் அவர்களோடு யார் நடப்பது என்ற கேள்வி எழுகிறது.

திருமுழுக்குக்குப் பின்

உயிர்ப்பு ஞாயிறு முதல் பெந்தகோஸ்து பெருவிழா வரையுள்ள காலம் மறைபொருள் விளக்கக் காலம் எனப்படுகிறது. எருசலேமின் சிரிலும் மிலானின் அம்புரோசுவும் தாம் அளித்த அருட்சாதனங்களின் பொருளைத் திருமுழுக்குக்குப் பின்னரே விரிவாக விளக்கினர். அனுபவித்தவருக்கே விளக்கம் புரியும் என்பது அவர்கள் கருத்து. இன்றைய சடங்குநூலும் இதைப் பின்பற்றுகிறது. புதியவர்களுக்கு ஞாயிறு திருப்பலியில் ஞானப்பெற்றோரோடு தனியிடம் தரப்பட வேண்டும், மறையுரையிலும் மன்றாட்டிலும் அவர்கள் நினைவுகூரப்பட வேண்டும் என்று அது கூறுகிறது.

நடைமுறையில் மிகவும் புறக்கணிக்கப்படுவது இக்காலமே. வாரந்தோறும் நடந்த கூட்டம் நின்றுபோகிறது. வழித்துணைவர் தம் வேலை முடிந்ததாக எண்ணுகிறார். அடுத்த குழுவுக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. ஓராண்டாகப் பலரின் கவனத்தில் இருந்த ஒருவர் திடீரெனக் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். பாடகர் குழு, நோயாளரைச் சந்திக்கும் குழு, அன்பியம் போன்ற ஏதேனும் ஒன்றில் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னரே அவரைச் சேர்த்துவிடும் பங்குகளில் இந்த இடைவெளி குறைவாக உணரப்படுகிறது.

பெந்தகோஸ்தையொட்டி இக்காலத்தின் நிறைவைக் கொண்டாடவும், திருமுழுக்கு ஆண்டுநிறைவு நாளில் புதியவர்கள் மீண்டும் ஒன்றுகூடித் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளவும் சடங்குநூல் பரிந்துரைக்கிறது. ஆயர், தாமே திருமுழுக்கு வழங்க இயலாதபோது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோரைச் சந்தித்து அவர்களுடன் திருப்பலி நிறைவேற்ற வேண்டும் என்பதும் அதில் அடங்கும்.